தை மாதத்து விசில்

தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, ரோந்துப் பதிவேடு எழுதுவது, கண்ணி வைத்தவனை மடக்குவது எல்லாம் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அதில் நான் புதிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை. சுற்றுலா வருகிறவர்களைப் பூங்காவுக்குள் அழைத்துப் போகிற வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதை நம் ஆட்கள் ஓய்வு நாள் மாதிரி நினைக்கிறார்கள். யானையிடமும் தப்பி, கள்ளச் சந்தன ஆட்களிடமும் தப்பி வந்த நான், ஒரு மனிதரைச் சாகக் கொடுக்கப் பார்த்தது அந்த வேலையில்தான்.

எனக்குச் சொந்த ஊர் மஞ்சூர். அப்பா அங்கே மளிகைக்கடை வைத்திருந்தார். எனக்குக் கடையில் உட்காரப் பிடிக்காமல் வனக்காப்பாளர் வேலையில் சேர்ந்தேன். பணியின் பெரும்பகுதி மேற்கு விளிம்பில் இருக்கும் அந்தப் பூங்காவில்தான் கழிந்தது. புல்மலையும் அதன் மடிப்புகளில் சோலையுமாக, ஓர் ஓரத்தில் பூமி சட்டென்று முடிந்து கேரளப் பக்கம் சரியும் இடம். உங்களில் பாதிப் பேர் அங்கே ஒரு தடவையாவது போயிருப்பீர்கள். ஒரு தடவை பார்த்ததை வைத்துக்கொண்டு அந்த இடம் தெரியும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஆடியில் போனால் மழை மேலிருந்து பெய்யாது, பக்கவாட்டில் வரும். சோலை மரங்கள் பாசித் தாடியோடு நிற்கும். ஓடைப் பாறைகளில் காசித்தும்பை இளஞ்சிவப்பாய்ப் பூத்துக் கிடக்கும், பார்க்க ஒரு ஆள் இருக்காது. புரட்டாசியில் புல் கதிர் விட்டு மலையே பழுப்பும் ஊதாவுமாக மாறும். மாசி, பங்குனியில் சோலையின் கொழுந்து செம்பு நிறத்தில் வரும். தூரத்திலிருந்து பார்த்துத் தீ என்று நினைத்து ஓடிய புதுக் காவலர்கள் உண்டு. மார்கழியும் தையும் வேறு மாதிரி. உறைபனியில் புல் கருகி வைக்கோலாகிவிடும். அந்த வைக்கோல் மலையில் காட்டுப் பூவரசு மட்டும் ரத்தச் சிவப்பில் பூத்து, பூக்கள் வெள்ளைப் பனிமேல் விழுந்து கிடக்கும். எனக்கு மிகவும் பிடித்த பருவம் அதுதான், கொஞ்சம் பயப்படுகிற பருவமும் அதுதான். தவளை கத்தாது. ஓடை மெலிந்து போகும். நீங்கள் நடந்தால் உங்கள் பூட்ஸின் கீழே பனி நொறுங்குவது மட்டும் கேட்கும், நின்றால் அதுவும் நின்றுவிடும். யாரோ கவனித்துக்கொண்டிருப்பது போல முதுகு கூசும்.

இதையெல்லாம் நான் வருகிறவர்களுக்கு அழகாக விவரிப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமான ஆட்கள் வந்தால் “அந்தப் பேச்சுக்காரனைக் கூப்பிடு” என்று அதிகாரிகள் என்னைத்தான் அனுப்புவார்கள்.

விசில் குருவியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கருநீலப் பறவை, ஓடையோரச் சோலையில் இருக்கும். மழைக்காலத்து விடியலில் அது விசிலடிப்பதைக் கேட்டால் குருவி என்று யாரும் நம்பமாட்டார்கள். வேலை வெட்டி இல்லாத ஒரு மனிதன், பாட்டு பாதி மறந்துபோய், ஞாபகம் வருகிற இடத்திலிருந்து மறுபடி மறுபடி ஆரம்பிப்பது போல இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு ஆனி மாதம், அதைக் கேட்டு யாரோ வழி தவறிவிட்டான் என்று பதறி, கொட்டுகிற மழையில் அரை நாள் சோலைக்குள் தேடினேன். அட்டை கடித்த ரத்தத்தோடு திரும்பி வந்தபோது காவல் குடிலில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன்பின் பத்து வருடங்களுக்கு என்னைப் பார்த்தால் முதல் கேள்வி, “ஏனப்பா, ஆளு கெடச்சானா?” என்பதுதான். அந்தக் கேலி எனக்குள் எவ்வளவு ஆழமாய் இறங்கியிருந்தது என்று அப்போது எனக்கே தெரியாது.

எண்பதுகளில் ஒரு தை மாதம். கோயமுத்தூரிலிருந்து ஆறு பேர் அனுமதிச் சீட்டோடு வந்தார்கள். ஒரு மில் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்களும் அவர்கள் குடும்பத்தாரும். அதில் சண்முகம் என்று ஒருவர், ஐம்பது வயதை ஒட்டியவர், யாரிடமோ இரவல் வாங்கிய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி இருந்தார். உடன் அவர் மனைவி சரஸ்வதி. கூட்டத்தில் மிக அதிகமாக ரசித்தது அந்த அம்மாதான். பனி படர்ந்த புல்லைக் கையால் தொட்டுப் பார்த்து, “சர்க்கரை தூவுன மாதிரி இருக்குதுங்க” என்றார்.

வாசலில் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். “உள்ளார சத்தம் போடக் கூடாதுங்க. கூட்டத்த விட்டு விலகக் கூடாதுங்க. அப்பிடியே வழி தப்பிப்போச்சுன்னா நடக்காதீங்க, ஒரே எடத்துல நில்லுங்க. கத்தாதீங்க, மூடுபனில கொரலு எடுபடாது. விசில் அடிங்க.”

“எனக்கு விசில் சுமாராத்தானுங்க வரும்” என்றார் சண்முகம். எல்லோரும் சிரித்தோம்.

நம் நடைமுறை உங்களுக்குத் தெரியும். காப்பாளர் முன்னால், வாட்சர் கடைசியில். கடைசி ஆள் கூட்டத்தின் கடைசி முதுகைப் பார்க்காமல் ஒரு அடி வைக்கக் கூடாது. அன்றைக்குக் கடைசியில் வந்தவர் போஜன். படுகர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். இரண்டாவது வளைவில் ஒருவர், “வரையாடு பாக்க முடியுமுங்களா?” என்று கேட்டார். பார்க்காமல் அனுப்பினால் என் பெயர் என்ன ஆவது? போஜனைக் கையசைத்து முன்னால் வரச்சொன்னேன். விளிம்புப் பாறைக்குப் போய் மந்தை நிற்கிறதா பார்த்துவைக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் ஒரு நிமிடம் தயங்கி, பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அதோடு அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் யாரும் இல்லை.

பத்து மணி வாக்கில் மேற்கிலிருந்து மூடுபனி ஏறியது. முதலில் எதிர்மலை போனது. பிறகு சோலையின் மேல்பாதி போனது. பிறகு பாதையில் எனக்குப் பின்னால் வந்தவர்களே நிழலாகிவிட்டார்கள். சோலைக்கு மேலே ஒரு தட்டைப் பாறை இருக்கிறது. அங்கே உட்காரவைத்து, பிளாஸ்கிலிருந்த டீயை ஊற்றிக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். ஆறு தம்ளர் வைத்து ஊற்றியிருந்தால் ஒன்று மிஞ்சுவது தெரிந்திருக்கும். தம்ளர் இல்லாததால் ஆளுக்கொரு பாத்திர மூடியில் குடித்தார்கள்.

“எங்க ஊட்டுக்காரரக் காணோமே?” என்று நிமிர்ந்து பார்த்த சரஸ்வதி அம்மா, நான் வாய் திறப்பதற்குள் அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். “ஆட்டப் படம் புடிக்கறேன்னு அந்த வாட்சரு கூட முன்னாலயே ஓடியிருப்பாருங்க. கேமரா கையில வந்ததுலருந்து இப்பிடித்தான்.”

போஜன் தனியாகப் போனதை நான் பார்த்தேன். ஆனால் மூடுபனிக்குள் யாராவது அவர் பின்னால் ஓடினார்களா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். “ஆமாங்க, அப்பிடித்தான் இருக்கும்” என்றேன்.

அப்போதுதான் கீழே சோலைக்குள்ளிருந்து விசில் கேட்டது.

மெதுவான விசில். ஒரு சுரம் ஏறும், நடுவில் தயங்கும், நின்றுவிடும். கொஞ்சம் பொறுத்து வேறு இடத்திலிருந்து தொடங்கும். மூடுபனியில் அது ஒரு தடவை காலடியில் கேட்டது, மறு தடவை முதுகுக்குப் பின்னால் கேட்டது. ஒரு பெண்மணி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “என்னுங்க அது?” என்று என் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஒரு கணம் உடம்பு சிலிர்த்தது. முதல் எண்ணம், யாரோ ஆள். இரண்டாவது எண்ணம், குடிலில் விழுந்து விழுந்து சிரித்த அந்த முகங்கள்.

கையை உயர்த்தி எல்லோரையும் அமைதியாக்கினேன். “பயப்படாதீங்க, கேளுங்க. இது விசில் குருவிங்க. மழைக் காலத்துலதான் பாடும். உறைபனிக் காலத்துல மேல்மலையிலயே இருக்காது, கீழ எறங்கிப் போயிரும். தை மாசத்துல இது பாடி நானே கேட்டதில்லீங்க. உங்களுக்கு நல்ல அதிர்ஷ்டம்.”

நான் சொன்னதை நீங்களே இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். அங்கே இருக்காது என்றும் சொல்கிறேன், அதுதான் பாடுகிறது என்றும் சொல்கிறேன். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்ன எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

கால்மணி நேரம் கேட்டோம். சரஸ்வதி அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “இவரு இல்லாமப் போயிட்டாரே. இருந்தா அவ்வளவு ரசிச்சிருப்பாரு” என்றார். கொஞ்ச நேரத்தில் விசில் சட்டென்று நின்றுபோனது. நாங்கள் எழுந்து மேலே நடந்தோம்.

முக்கால் மணி நேர நடையில் எங்கள் காவல் குடில். விளிம்புப் பாறையைப் பார்த்துவிட்டு வந்திருந்த போஜன் வாசலில் நின்றுகொண்டிருந்தார், தனியாக. மூடுபனியிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், கடைசி ஆள் வந்த பிறகும் பாதையையே பார்த்தார்.

“கேமராக்காரர் எங்க சார்?”

அந்த அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஐந்து பேரையும் குடிலில் சமையல் வாட்சரிடம் விட்டுவிட்டு, யாரும் வெளியே வரக்கூடாது என்று சொல்லிவிட்டு, நானும் போஜனும் வந்த வழியே ஓடினோம். ஒரு கம்பளியும் கயிறும் எடுத்துக்கொண்டோம்.

தட்டைப் பாறைக்கு வந்தபோது நமது கையே நமக்குத் தெரியாத மூடுபனி. பேர் சொல்லிக் கத்தினேன். பதில் இல்லை. கீழேயிருந்து மறுபடி அந்த விசில் மட்டும் வந்தது. காலையில் கேட்டதைவிட மெலிந்து, இன்னும் தயங்கித் தயங்கி வந்தது.

“ஆளு சத்தம் ஏதாச்சும் கேக்குதா பாரு போஜா” என்றேன். “அது குருவி. அத உடு.”

போஜன் அசையவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

“சார், நடுவுல மூச்சு வாங்குது.”

“என்னது?”

“அது மூச்சு வாங்குது சார். குருவி எங்கயாவது மூச்சு வாங்குமா?”

நானும் கேட்டேன். இரண்டு சுரம். பிறகு, காது கொடுத்தால் மட்டும் தெரிகிற மாதிரி, உள்ளே இழுக்கிற ஒரு நடுங்கிய மூச்சு. பிறகு மறுபடி இரண்டு சுரம்.

“எப்பருந்து சார் கேக்குது இது?”

“காலையிலருந்து” என்றேன். போஜன் என்னைத் திட்டவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. சோலைக்குள் இறங்க ஆரம்பித்துவிட்டார். அந்த மனிதர் என்னை இரண்டு அறை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

உள்ளே இறங்கியதும் சத்தம் திசை மாறியது. இடது பக்கம் போனால் வலது பக்கம் கேட்டது. பாசி படிந்த மரம் ஒவ்வொன்றும் ஆள் நிற்பது மாதிரியே இருந்தது, கிட்டே போனால் மரம். நான் பதிலுக்கு விசிலடித்தேன். என் விசிலே எங்கேயோ பட்டு, யாரோ அடிப்பது போலத் திரும்பி வந்தது. “அடிக்காதீங்க சார், குழப்பாதீங்க” என்றார் போஜன். கொஞ்ச நேரத்தில் கீழிருந்து வந்த விசிலும் நின்றுவிட்டது.

அந்த அமைதியைப் போல ஒன்றை நான் அதற்கு முன்பும் பின்பும் கேட்டதில்லை. இனி எப்படித் தேடுவது? போஜன் ஓடைச் சத்தத்தைப் பிடித்து, அதை ஒட்டியே கீழே போனார். நான் பின்னால் போனேன்.

சண்முகம் ஓடை நடுவில் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். வலது கால் இரண்டு பாறைகளுக்கு நடுவே கணுக்காலுக்கு மேல் வரை மாட்டி, பனித் தண்ணீருக்குள் இருந்தது. கேமரா கழுத்தில் தொங்கியது. கண் திறந்திருந்தது, எங்களைத்தான் பார்த்தார். ஆனால் எங்களைக் கண்ட அடையாளம் எதுவும் முகத்தில் இல்லை. உதடு இரண்டும் நீலமாகிக் குவிந்திருந்தன. நாங்கள் கிட்டே போன பிறகும் அவர் விசிலடித்துக்கொண்டுதான் இருந்தார். சத்தம் வரவில்லை, காற்று மட்டும் வந்தது.

போஜன் தண்ணீருக்குள் மண்டியிட்டு, தன் உள்ளங்கையை அவர் வாய்மேல் மெதுவாக வைத்தார்.

“போதுங்க. வந்துட்டோம்.”

அப்போதும் அந்த விசில் உடனே நிற்கவில்லை. உள்ளங்கைக்குள் இன்னும் நாலைந்து தடவை ஊதினார் என்று போஜன் பிறகு சொன்னார்.

பாறையை நெம்பிக் காலை எடுத்தோம். கம்பளியில் சுற்றி, இரண்டு கம்புகளில் கட்டித் தூக்கி மேலே வந்தோம். குடிலில் சரஸ்வதி அம்மா அவர் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஜீப்பில் ஊட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் பிழைத்தார். வலது காலில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

அறிக்கையில் நான் எழுதியது இவ்வளவுதான்: சுற்றுலாப் பயணி ஒருவர் படம் எடுக்க விலகிச் சென்று ஓடையில் விழுந்தார், காவலர்கள் தேடி மீட்டனர். எல்லாம் உண்மை. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வரும் என்றார்கள்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். காட்டை ரசியுங்கள், ரசிக்கத் தெரியாதவன் அதைக் காக்கவும் மாட்டான். ஆனால் பருவம் தப்பி எதையாவது கண்டால், கேட்டால், அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடாதீர்கள். ஏன் என்று கேட்டு இறங்கிப் போய்ப் பாருங்கள். போன பிறகு வெறும் பூ என்றால் பூவாகவே இருக்கட்டும், குருவி என்றால் குருவியாகவே இருக்கட்டும். அரை நாள் வீணாகும், குடிலில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மேலே எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டேன். மறதி இல்லை, எழுத வெட்கமாக இருந்தது.

நாலு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குச் சண்முகத்தைப் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், குரல் திரும்பியிருந்தது. சரஸ்வதி அம்மா என்னைக் கண்டதும் எழுந்து, என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “நீங்க இல்லீன்னா நான் இன்னிக்கு இப்பிடி நிக்க மாட்டேனுங்க” என்றார். கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, அவர் கையிலேயே விட்டுவைக்கவும் முடியவில்லை.

சண்முகம் என்னைப் பார்த்துச் சிரித்தார். “மொதல்ல கத்திப் பாத்தேனுங்க. குளுருல கொரலே எழும்புல. அப்பறந்தான் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. எனக்குத் தெரிஞ்ச மாதிரி அடிச்சேன்.” போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். “ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கவே இல்லீங்க. மேல கை தட்டுனீங்களே, அது எதுக்குங்க?”

நான் விட்டுவிட்டது அதைத்தான். தட்டைப் பாறைமேல் அன்றைக்குக் காலையில், ஒரு சுரம் ரொம்ப உயரம் போய் முடிந்தபோது, அவர்கள் கை தட்டினார்கள். பூங்காவுக்குள் சத்தம் கூடாது என்று சொல்லவேண்டிய நானும் சேர்ந்து தட்டினேன்.

“நல்லா கேட்டுச்சுங்க” என்றார் அவர். “சரி, நம்ம சத்தம் மேல எட்டிருச்சு, இதா எறங்கி வந்துருவாங்கன்னு நெனச்சு விசில நிறுத்திப்போட்டேன். ரொம்ப நேரம் காத்திருந்தேனுங்க. யாரும் வருல.”

அந்த அம்மாவின் கை என் கையில்தான் இருந்தது. முதல் தடவையாக அது எனக்கு ஜில்லென்று பட்டது. ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். உங்களைக் கூப்பிடத்தான் தட்டினோம் என்றால் அவர் நம்பியிருப்பார், பாராட்டுக் கடிதமும் வந்திருக்கும். வாயில் வந்தும் விட்டது.

“குருவின்னு நெனச்சோமுங்க” என்றேன். “நாந்தானுங்க அவங்ககிட்ட அப்பிடிச் சொன்னேன். நல்லாப் பாடுதுன்னு தட்டுனோம்.”

அவர் என்மேல் கோபப்படவில்லை. மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

“நீயுமா தட்டுன?”

சரஸ்வதி அம்மா என் கையை விட்டார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றார்.

“மொதல்ல தட்டுனதே நாந்தானுங்க” என்றார்.